பிள்ளைகளோடு பனிச்சறுக்கு: டிசம்பரா, மார்ச்சா?

"யென் விழுந்துடுச்சே, இந்த வருஷம் ஹொக்கைடோ போயிடலாமா?"

இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் வந்திருக்கலாம். 2020இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சுமார் 77 யென் கிடைத்தது. 2024 நடுப்பகுதியில் அது 115ஐத் தாண்டியது.

அப்போ செலவு குறையுமா?

நிசெக்கோவில் அதை எதிர்பார்க்காதீங்க. அங்கே விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெளிநாட்டுப் பணம். மலேசியாவின் ஒய்டிஎல் நிறுவனம் 2010இலேயே நிசெக்கோ வில்லேஜை வாங்கிவிட்டது. ஆங்கிலம் பேசும் பயிற்றுநர், ஹோட்டல் வாசலிலேயே சரிவு என வசதிகள் உண்டு. ஆனால் யென் தந்த சலுகையை அறை வாடகையே விழுங்கிவிடும்.

சப்போரோவில் தங்கி, நகரின் விளிம்பில் உள்ள தெய்னே மலைக்குப் போய் வருவது இன்னொரு வழி. 1972 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் சில நடந்த இடம் அது. பிள்ளைக்கு அலுத்துப்போனால் நகருக்குத் திரும்பிவிடலாம்.

எப்போ போவது?

உண்மையான சிக்கல் இங்கேதான். நம் பள்ளி விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் இறுதியில் முடிகிறது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளி வந்து ஹொக்கைடோ மலைகளில் பனியாகக் கொட்டுவது ஜனவரியில்தான் உச்சம். டிசம்பர் தொடக்கத்தில் போனால் பாதிச் சரிவுகள்கூடத் திறக்காமல் இருக்கலாம். கிறிஸ்துமஸுக்குப் போனால் பனி இருக்கும், விலையும் எகிறும்.

ஜூன் விடுமுறைக்கு ஆஸ்திரேலியா? அங்கும் இதே கதை. பருவம் ஜூனில் தொடங்கினாலும் நல்ல பனி ஜூலை, ஆகஸ்ட்டில்தான்.

மார்ச்சின் ஒரு வார விடுமுறையைப் பலர் யோசிப்பதே இல்லை. குளிர்காலம் முழுதும் சேர்ந்த பனி அப்போதும் தடிமனாகக் கிடக்கும். தூள்போல இருக்காது, கொஞ்சம் கனத்திருக்கும். தேர்ந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு அது ஒரு பொருட்டா? குளிரும் சற்றுத் தணிந்திருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு என் தேர்வு மார்ச்தான்.

மூத்த பிள்ளை இன்னும் தொடக்கப்பள்ளிக்குப் போகவில்லையா? ஜனவரியும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. சீனப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிருங்கள்.

முன்பதிவுக்கு முன்...

பல பனிச்சறுக்குப் பள்ளிகள் 3 அல்லது 4 வயதிலிருந்துதான் சேர்க்கின்றன. அந்த வயதில் இரண்டு மணி நேரமே அதிகம். முழுநாள் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, பிள்ளை பத்து மணிக்கே அழுதால் என்ன செய்வீர்கள்? அரைநாள் போதும். மீதி நேரம் சறுக்குவண்டியில் விளையாடட்டும், அதற்குப் பாடமே தேவையில்லை.

பருத்திக் காலுறை வேண்டாம், நனைந்தால் உறைந்துவிடும். கம்பளிதான் சரி. தலைக்கவசம், காலணி, மேலாடை எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்குக் காயம் சேர்ந்திருக்கிறதா, அதுவும் குறிக்கப்பட்ட சரிவுகளில் மட்டுமா என்று படித்துப் பாருங்கள். பனி விழாததால் பயணம் வீணானால், பெரும்பாலான திட்டங்களில் பணம் திரும்பாது.