கை யாருடையது?

நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மேடையருகே வந்து, "நல்லாத்தான் இருந்து பிள்ளே. இந்த புரோகிராம் எல்லாம் யாரு செய்து தந்தா?" என்றார். நான்தான் என்றேன். அவர் பார்வை என்னைத் தாண்டி, ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டிருந்த நண்பனிடம் போய் நின்றது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நோட்டீஸிலேயே அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். இசை என்ற இடத்தில் அவன் பெயர், பாடகி என்ற இடத்தில் என் பெயர். பதினொரு நிமிஷத்தில் நான் ஒரு வரிகூடப் பாடவில்லை.

அந்தப் பதினொரு நிமிஷமும் ஒரு சிறுகதையிலிருந்து வந்தது. அழகியபாண்டியபுரத்துக்காரரான கிருஷ்ணன் நம்பி எழுதிய 'மருமகள் வாக்கு'. ஊரில் தேர்தல். பூனைச் சின்னத்துக்கும் கிளிச் சின்னத்துக்கும் போட்டி. மாமியார் பூனைக் கட்சி. ருக்மிணிக்குக் கிளியைத்தான் பிடிக்கும். ஓட்டுச்சாவடி மறைப்புக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் உள்ளே போனதும் மாமியார் அவள் உடம்பில் ஏறிவிடுகிறாள். கை போய்ப் பூனையில் முத்திரை குத்திவிடுகிறது.

எங்களுக்கு இதை நகைச்சுவைக் கதை என்று நடத்தினார்கள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அதுவரை யதார்த்தமாகப் போன கதை கடைசியில் கனவுபோல ஆகிவிடுகிறது என்று எழுதினால் மார்க். சர்ரியலிசம் என்ற சொல்லைச் சேர்த்தால் கூடுதல் மார்க்.

எது கனவு? 1989இல் தமிழ்நாட்டில் வந்த சட்டத்திருத்தம் குடும்பச் சொத்தில் மகளையும் பங்காளியாக்கியது. அதன் பிறகும் சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் அக்காமார்கள் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். யாரும் அவர்கள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கை தானாகப் போகிறது. சம்பளம் விழுந்த அன்றைக்கே ஏடிஎம் கார்டை நீட்டுகிற கையும், துணிக்கடையில் தனக்குப் பிடித்த நிறத்தைத் தொட்டுவிட்டு அடுத்த சேலைக்கு நகர்கிற கையும் அப்படித்தான். ருக்மிணிக்கு நடந்தது கற்பனை இல்லை. நம்பி ஓர் ஆண். இருந்தும் அந்த மறைப்புக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். பாடம் நடத்தியவர்கள் பார்க்கவில்லை.

இதை எப்படி இசையாக்குவது? பெண் துயரம் என்றால் புல்லாங்குழல், வயலின், நடுவே தழுதழுக்கும் ஒரு குரல் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மெஷினுக்கு உணர்ச்சி கிடையாது, பெண்குரல்தான் இயற்கை என்கிறார்கள். எனக்கு அந்த இயற்கைமேல்தான் சந்தேகம். என் தொண்டையிலிருந்து வருவது என் குரல்தான் என்று யார் சொன்னது? உடம்புக்குள் இன்னொருத்தி பேசுகிற கதைக்கு, குரலைப் பிடுங்கித் துண்டாக்கி வேறு இடத்தில் நடுகிற கருவிதான் பொருந்தும்.

அம்மாவை ஒரே ஒரு சொல் சொல்லச் சொன்னேன்: "போடு." போனில் பதிந்தேன். கம்ப்யூட்டரில் அதை மில்லிவிநாடித் துணுக்குகளாக நறுக்கி, சுருதியை இறக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அடியில் முப்பந்தல் காற்றாலைகளின் முனகல். இசக்கியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் நின்று பதிந்தது. வேண்டுமென்றேதான் அங்கே போனேன். எங்கள் ஊர் வில்லுப்பாட்டில் வருகிற நீலியை இசக்கியாகத்தான் கும்பிடுகிறார்கள். தன்னைக் கொன்றவனைத் தேடி அடுத்த பிறவியில் வந்து, கள்ளிக் கொம்பை ஒடித்துக் கைக்குழந்தையாக்கி, 'இவன் என் புருஷன்' என்று ஊர்ச்சபையில் வழக்குரைத்தவள். சபை அவளை நம்பியது. சர்ரியலிசம் பாரிஸிலிருந்து இறங்கிய சரக்கு என்பவர்கள் ஒரு கொடைக்காவது வந்து உட்கார்ந்து கேட்கட்டும்.

முடித்ததும் ஹெட்போனை அம்மா காதில் மாட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இது நானில்லை மக்ளே, எங்க மாமி பேசுகது மாதிரில்லா இருக்கு" என்றாள். ஆச்சி இறந்து இருபது வருஷம் ஆகிறது. ருக்மிணியின் மாமியாரை வில்லியாக்கிச் சிரித்தவர்கள் கேட்கத் தவறிய கேள்வி இது. அந்த மாமியாரின் கைக்குள் இருந்தது யார்?

இந்தக் கருவிகள் நமக்குப் புதிது என்பதும் பொய். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரோடு மின்னணு இசைக்கூடம் அமைத்தபோது, அங்கே இசையமைத்தவர்களில் பக்கவாஜ் வாசிக்கும் கீதா சாராபாயும் ஒருவர். அந்த ஒலிநாடாக்கள் தொகுப்பாக வெளிவர 2023 ஆயிற்று. லண்டனில், பிபிசியின் ஒலிக்கூடத்தில் வேலை செய்த டெலியா டெர்பிஷயர் 1964இல் 'தி ட்ரீம்ஸ்' என்ற வானொலிப் படைப்புக்கு ஒலி அமைத்தார். சாதாரண மனிதர்கள் தங்கள் கனவுகளைச் சொல்ல, ஓடுவதும் விழுவதும் கடலும் நிறமும் சத்தமாகின்றன. நான் செய்ய நினைத்ததை அறுபது வருஷம் முன்பே செய்து வைத்திருக்கிறார், கொஞ்சம் பொறாமைதான். அதற்கு முந்தின வருஷம் 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையை நாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கியவரும் அவரே. மெட்டை எழுதிய ரான் கிரெய்னரே அவருக்கும் பங்கு கொடுக்கச் சொன்னார். நிர்வாகம் மறுத்தது. டெலியா 2001இல் இறந்தார். திரையில் அவர் பெயர் வந்தது 2013இல்.

அவ்வளவு காலம் எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த நிகழ்ச்சியின் நோட்டீஸ் புரூஃப் நேற்று வாட்ஸ்அப்பில் வந்தது. மறுபடியும் பாடகி. சிவப்பில் அடித்துவிட்டு 'இசையமைப்பு, புரோகிராமிங்' என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது. 'எதுக்கு வம்பு, விட்டுரு' என்று ஒருத்தி உள்ளே சொன்னாள். அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். அனுப்பிவிட்டேன்.