சுழியோடி தாங்கிய பேராலயம்

மேனாட்டுப் பேராலயங்களைக் கண்டு மீள்வோர் அவற்றின் உயரத்தையே பெரிதும் புகழ்வர். கோபுரம் இத்தனை அடி, கட்டுவித்த அத்தியட்சர் இன்னார் என்பன அவர்தம் பயணக் கட்டுரைகளில் தவறாது இடம்பெறும். அடித்தளத்தைப் பற்றி எழுதுவோர் அரியர். தென் இங்கிலாந்திலுள்ள வின்செஸ்ரர் பேராலயத்தைக் கண்ட பின்னர், இவ்வழக்கம் முறையன்று என்பதே நம் கருத்தாயிற்று.

1079 ஆம் ஆண்டில் வோக்கலின் என்னும் நோர்மானிய அத்தியட்சர் தொடங்கிய ஆலயம் அது. நீளம் 558 அடி. மேலை வாயிலில் நின்று நோக்கின் தூண்வரிசை முடிவின்றிச் செல்வதுபோலத் தோன்றும். பாதரட்சையுடன் உள்ளே புக நம் கால்கள் சற்றே தயங்கின என்பதையும் சொல்லிவைப்போம். வடபுறத்தே, 1817 இல் மறைந்த நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் சமாதி உளது. அக்கல்லில் அவர்தம் நற்குணங்கள் யாவும் உள; நாவல்களைப் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. அக்குறை நீங்க 1872 இல் பித்தளைத் தகடொன்று பதிக்க வேண்டியதாயிற்று.

நாம் சொல்ல வந்தது வேறொருவரைப் பற்றி. 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலயத்தின் கீழைப்பாகத்தை விரித்தவர்கள், சதுப்பு நிலத்தில் பீச் மரத்தடிகளைப் பரப்பி அவற்றின்மேற் சுவரெழுப்பினர். எழுநூறு ஆண்டு கழிந்து, 1905 அளவில், சுவர்கள் சாய்ந்து வெடிப்புகள் விரியலாயின. அடியிற் குழி தோண்டினால் நீர் பெருகிற்று; நீரை இறைப்பின் மண்ணும் உடன் இழுபட்டுச் சுவரே சரியக்கூடும். பொறியியலாளர் பிரான்சிஸ் பொக்ஸ் இதற்கு ஒரு சுழியோடியே வேண்டுமெனத் துணிந்தார். வந்தவர் வில்லியம் வோக்கர்.

1906 முதல் 1911 வரை, ஏறக்குறைய 200 இறாத்தல் நிறையுள்ள உடையணிந்து அவர் அக்குழிகளில் இறங்கினார். கலங்கிய நீரில் கண் தெரியாது. கையால் தடவித் தடவியே வேலை நடந்தது. அடியிலுள்ள பரற்படுகையின்மேற் கொங்கிறீற்றுச் சாக்குகளை அடுக்கி, அவற்றைக் கிழித்து ஒன்றாய் இறுகச்செய்து, நீர்வரத்தை அடைத்தார். பின்னரே நீரை இறைத்துக் கொத்தர்கள் அடிக்கட்டுக் கட்டினர். இவ்வாறு இறக்கப்பட்ட சாக்குகள் 25,000 என்பர்.

1912 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் முன்னிலையில் நன்றி வழிபாடு நடந்தது. வோக்கருக்கு அரச விருதும் கிடைத்தது. 1918 இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சலில் அவர் இறந்தார். 1964 இல் ஆலயத்துள் அவருக்கு ஒரு சிறு சிலை வைத்தனர். என்ன விந்தை! சுழியோடியின் உடையில் நின்றது பொறியியலாளர் பொக்ஸின் முகம். சிற்பி ஆளை மாற்றிக் கண்டுவிட்டார். உரிய முகம் 2001 இலேதான் வந்தது.

பொக்ஸின் மதிநுட்பத்தை நாம் குறைத்துரைக்கவில்லை. சூழ்ந்தவர் அவரே, அவரின்றி வோக்கர் அங்கு வந்திரார். ஆயினும் முப்பத்தேழு ஆண்டு பிறர் முகம் அங்கு நின்றதைத் தற்செயலான பிழையென்று மட்டும் தள்ள நம் மனம் இசையவில்லை. சூழ்ந்தவரின் முகத்தை உலகம் அறிந்திருந்தது. இறங்கியவரின் முகத்தை அறிந்திருக்கவில்லை.

ஆலயத்தைச் சுற்றிக்காட்டுவோர் வருவோரை முதற்கண் நிலவறைக்கே அழைத்துச் செல்லல் வேண்டும் என்பது நம் விருப்பம். மாரிகாலத்தில் இன்றும் அங்கு நீர் ஏறுகிறது. மேடையொன்றில் நின்றே பார்க்க இயலும்.