மழைக்கும் ஓர் இருக்கை

பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் நாட்களில் கேகாலையில் பிற்பகல் மழை பெரும்பாலும் நேரம் தவறுவதில்லை. காலை முழுவதும் வெயில் காயும்; மூன்று மணியளவில் மலைப்பக்கம் கருக்கும்; இடி முழங்கி முடியுமுன்னரே பெருந்துளிகள் விழத் தொடங்கும். அத்தகைய மழையொன்றில் நாமும் எம் மாணாக்கர் இருவரும் ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். கால்மணி நேரத்துள் வீதியோரக் கான் நிறைந்து வழிந்தது. வீதி எது, கான் எது என்று அறிய முடியவில்லை. நடைபாதையில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த அம்மையார் தம் கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படிமேல் வைத்தார். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் தாயொருத்தி, குழந்தையைத் தோளிற் சாய்த்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ் நிலையத்தை நோக்கித் தண்ணீருள் நடந்தாள்.

"சேர், ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் இந்த இடத்தில் வெயிலுக்கு ஒதுங்க நிழல் இல்லை, இப்போது தண்ணீருக்கு ஒதுங்க இடம் இல்லை" என்றான் மாணாக்கருள் ஒருவன்.

அவன் விளையாட்டாகவே சொன்னான். எனினும், இரு வேறு குறைகளென நாம் எண்ணியிருந்தவை ஒரே குறையின் இரு தோற்றங்கள் என்பதை அச் சொல் உணர்த்திற்று. மரம் நின்ற மண்ணையும் புல் வளர்ந்த ஓரத்தையும் தாரும் கொங்கிறீற்றும் கொண்டு மூடிவிட்டோம். வெயிற் காலத்தில் அந்நிலம் அனலைத் திருப்பித் தருகின்றது. மழைக் காலத்தில் நீரைத் திருப்பித் தருகின்றது. வாங்கி வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு இல்லை.

மாணாக்கர்கள் இதனைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் சரியாக ஒரு லீற்றர். ஏறத்தாழ ஓர் ஏக்கர், அதாவது 4000 சதுர மீற்றர், பரப்புள்ள தார் மைதானத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் இரண்டு இலட்சம் லீற்றர் நீர் சேரும். அத்தனையும் ஒரே நேரத்தில் ஒரே கானை நோக்கி ஓடினால் எந்தக் கான்தான் தாங்கும்? ஆனால், அந்த மைதானத்தில் பத்தில் ஒரு பங்கை மாத்திரம் புல்லும் மரமும் உள்ள பள்ளத் தோட்டமாக்கி, 25 சென்ரிமீற்றர் தாழ்த்தி வைத்தால், ஓர் இலட்சம் லீற்றர் அங்கே தங்கிவிடும். பாதி வெள்ளம் வீதிக்கு வருமுன்னரே இருக்கை பெற்றுவிட்டது அன்றோ? அந்த இருக்கையே வெயிற் காலத்தில் மக்களுக்கு நிழலாகின்றது.

நகரத்தின் நடுவே சோலை வைப்பது செல்வர்களின் ஆடம்பரம் என்று நினைப்போர் உளர். மேனாட்டு வெந்நீரூற்று நகரங்களின் வரலாறு வேறொன்றைச் சொல்கின்றது. ஐரோப்பாவில் ஏழு நாடுகளைச் சேர்ந்த பதினொரு ஊற்று நகரங்களை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. நோய் நீங்க அந்நகரங்களுக்குச் சென்றவர்கள் ஊற்று நீரில் மாத்திரம் மூழ்கி எழவில்லை. நீரருந்திவிட்டு மர நிழலில் நடப்பதும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே கொள்ளப்பட்டது. ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் ஊஸ் என்னும் சிற்றாற்றின் கரையோரமாகச் செல்லும் நீண்ட பூங்கா இதற்குச் சான்று. ஆறும் அடைபடாமல், நடப்பவர்க்கும் நிழல் கிடைக்கும்படி அமைந்தது அது.

எமது நாட்டிலும் நோயாளர் உடல் தேறும் இடமாக வளர்ந்த நகரம் ஒன்று உண்டு, அது நுவரெலியா. அங்கே குன்றுகளின் அடியில் கிடந்த சதுப்பு நிலத்தை 1873இல் தேசாதிபதி கிரகரி ஏரியாக்கினார். நகர் நடுவிலுள்ள பூங்கா 1897இல் விக்டோரியா மகாராணியின் பெயரைப் பெற்றது. ஆண்டவர்கள் தம் வசதிக்கே அவற்றைச் செய்தனர் என்பது உண்மைதான். எனினும், தாழ்ந்த நிலத்தை நீருக்கும் மரத்துக்கும் விட்டுவைத்தமையின் பயனை இன்று எல்லோரும் நுகர்கின்றனர். மேட்டு நிலத்து மண்ணும் நகரத்துக் கழிவும் அந்த ஏரியை அடைந்து அதனை மாசுபடுத்தி வந்துள்ளன என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். மேலே காவாமல் கீழே மாத்திரம் அழகு செய்தல் நிலைக்காது என்பது அவ்வேரி தரும் பாடம்.

கேகாலையில் வெந்நீரூற்று இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி இருக்கின்றது, கச்சேரி இருக்கின்றது, நீதிமன்றம் இருக்கின்றது. தெரணியகலை, யட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய முதலிய பகுதிகளின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒரு நாட் சம்பளத்தை இழந்து வருபவர்கள், மருந்துக்கும் பத்திரத்துக்கும் பஸ்ஸுக்கும் இந்நகரில் மணிக்கணக்காகக் காத்திருக்கின்றனர். இவ்வகையில் இதுவும் மக்கள் நலம் தேடி வரும் நகரமே. காரில் வந்து காரில் போகிறவர்களுக்கு நகர மையம் எப்படியிருந்தாலும் ஒன்றுதான். காத்திருக்கும் ஏழைக்கே நிழலும் உலர்ந்த நடைபாதையும் அவசியம்.

மழையை ஓட்டி விரட்டாமல் இடம் கொடுத்து ஏற்கும் முறையை உலக நகரங்கள் பல இப்போது கைக்கொண்டு வருகின்றன. டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் 2011 யூலை 2ஆம் நாள் மூன்று மணி நேரத்துள் ஏறத்தாழ 150 மில்லிமீற்றர் மழை கொட்டி நகரை மூழ்கடித்தது. நிலத்தடிக் குழாய்களை மாத்திரம் பெருப்பித்துக்கொண்டே போவதில் பயனில்லையெனக் கண்ட நகரத்தார், பூங்காக்களையே மழைத் தொட்டிகளாக்கத் துணிந்தனர். எங்கேவ் பூங்கா என்னும் பழைய பூங்கா 2019இல் திருத்தித் திறக்கப்பட்டது. சாதாரண நாட்களில் சிறுவர் பந்தாடும் தாழ்ந்த மைதானம், பெருமழையில் குளமாகின்றது. அப்பூங்கா முழுவதும் சுமார் 22,600 கன மீற்றர் நீரைத் தாங்கவல்லது.

அவ்வளவு தூரம் போவானேன்? எமது கொழும்பில் 2010 நவம்பர் மாதத்துப் பெருமழை பாராளுமன்ற வளாகத்தையே வெள்ளக் காடாக்கிற்று. அதன் பின்னரே, பயனற்ற சேற்று நிலமென்று நிரப்பப்பட்டு வந்த சதுப்புகள் நகரத்தைக் காக்கும் நீர்த்தாங்கிகள் என்பது பலர்க்கும் விளங்கிற்று. பெத்தகான சதுப்பு நிலப் பூங்கா போன்றவை அமைந்தன. 2018இல் கொழும்பு, ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சதுப்பு நில நகரமாக ஏற்கப்பட்டது.

மலைநாட்டில் அச் சதுப்பு நிலத்தின் வேலையைச் செய்தவை பள்ளத்தாக்கு வயல்கள். வரப்புக் கட்டிய ஒவ்வொரு வயலும் ஓர் ஆழமில்லாத தொட்டி. அவ்வயல்களை மண் போட்டு நிரப்பிக் கடையும் வீடும் எழுப்பும்போது, நெல்லை மாத்திரம் அன்று, வெள்ளத்தின் இருக்கையையும் இழக்கின்றோம். அனுமதியின்றி நெல் வயலை நிரப்புதலை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடை செய்கின்றது. சட்டம் இருத்தல் ஒன்று. அயலவர் நிரப்பும்போது நாம் வாய் திறத்தல் மற்றொன்று.

இவ்விடத்தில் இல்லத்தரசிகள் ஒரு வினா எழுப்பக்கூடும்: "தண்ணீரைத் தேக்கினால் நுளம்பு பெருகாதோ?" நியாயமான வினா. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயால் பீடிக்கப்பட்டனர் என்பதை நாம் மறக்கவில்லை. விடை இதுதான். முட்டையிலிருந்து நுளம்பு பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை ஆகும். மழைத் தோட்டத்தின் அடியில் மணலும் சரளைக் கல்லும் இட்டு, இரண்டு நாட்களுக்குள் நீர் வடிந்துவிடும்படி அமைத்தல் வேண்டும். வற்றாத குளமாயின் மீன் வளர்த்தல் வேண்டும். உண்மையில் டெங்கு நுளம்பு விரும்புவது மண் தோட்டத்தை அன்று. நாம் எறிந்த யோகட் கோப்பையையும் சிரட்டையையும் அடைபட்ட பீலியையுமே.

இவற்றினும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. அதனைச் சொல்லாது விட்டால் இக்கட்டுரை நன்மையினும் தீமையே செய்யும். மழையை மண்ணுள் இறக்குக என்னும் அறிவுரை சமநிலத்துக்கு உரியது. சரிவில் அதனைக் கண்மூடிப் பின்பற்றினால் மலையே இறங்கிவிடும். 2016 மே 17ஆம் நாள், மூன்று நாட்களில் 400 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைக் குடித்த அரநாயக்க சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து தொழிலாளர் குடும்பத்தினர் பலரைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோதும் மலைநாடு அதே துயரை மிகப் பெரிய அளவில் கண்டது. பூமி நீரை உறிஞ்சுவது எப்போதும் நன்மையென்று இவ்வூரில் எவரும் சொல்லத் துணியார்.

அப்படியாயின் என் செய்வது? எமக்கு விடை சொன்னவர் பொறியியலாளர் அல்லர்; எம் மாணாக்கன் ஒருவனின் பாட்டனார். தேயிலை மலையில் நாற்பது ஆண்டுகள் கான் வெட்டியவர். லயத்து வாசலில் அமர்ந்திருந்த அவரிடம் அக்காலத்துக் கான் வேலையைப் பற்றிக் கேட்டோம். சரிவுக்குக் குறுக்கே, மிகச் சிறிய வாட்டத்தோடு கான் வெட்டுவார்களாம். கானுக்குள் இடையிடையே குழி தோண்டி, குழிகளுக்கு நடுவே மண் தடுப்பு விடுவார்களாம். மண் குழியில் படியும். நீர் தடுப்பைத் தாண்டி அடுத்த குழிக்கு வழிந்து, ஈற்றில் கல் பதித்த பெருங்கானை அடைந்து இறங்கும். படிந்த மண்ணை அள்ளி மீண்டும் தேயிலைத் தூரில் போடுவார்கள்.

"தண்ணிய அடைச்சுப் போட்டா மலை பொறுக்காது ஐயா, அவுத்து விட்டா மண்ணு தங்காது. கையப் புடிச்சு நடத்திக் கூட்டிக்கிட்டுப் போகணும்" என்றார் அவர். பின்னர், தம் லயத்தின் பின்புறத்தைக் காட்டினார். அங்கே பழைய கான் தூர்ந்து, புல் மூடிக் கிடந்தது. "இத வெட்ட இப்ப ஆளு இல்ல" என்றார்.

நகர மையத்தைப் புதுப்பிக்கும் திட்டம் எதுவாயினும் அந்தத் தூர்ந்த கானிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எமது துணிபு. சரிவிலே நீரைத் தேங்கவிடாது, கட்டிய கான்களால் பத்திரமாக இறக்குதல். கானோரங்களில் வெட்டிவேர் நட்டு மண்ணைப் பிடித்தல். அடிவாரத்திலும் வயல்வெளியிலும் நீரை ஆறுதலாகப் பரவவிடுதல். நகர் நடுவே பள்ளத் தோட்டமும் புல் வாய்க்காலும் மருத மர நிழலும் அமைத்து மிகுதிக்கு இருக்கை கொடுத்தல். பெரிய கட்டடங்களின் கூரை நீரைத் தொட்டிகளில் பிடித்தல். இவை ஐந்தும் ஒரே வேலையின் ஐந்து படிகள். கீழ்ப்படியை மாத்திரம் சலவைக்கல்லால் அலங்கரித்து, மேற்படியில் லயத்துக் குடும்பங்களை அச்சத்தில் உறங்கவிடுவது நகர நிர்மாணம் ஆகாது. சோலை அமைப்பதற்கென்று நடைபாதை வியாபாரிகளை விரட்டிவிடுவதும் ஆகாது; முதன்முதலில் நிழல் தேவைப்படுவோர் அவர்களே.

மாணாக்கர்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள கண்ணாடிப் போத்தலொன்றைத் திறந்த வெளியில் வைத்து, அடிமட்டத்தால் அளந்தால் மழைமானி ஆயிற்று. அளந்ததும் நீரை ஊற்றிவிட வேண்டும். மண்சரிவுப் பகுதிகளில் 24 மணி நேரத்துள் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருக்கவும், 100 ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாகவும், 150 ஐக் கடந்தால் வெளியேறவும் வேண்டுமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்தி வந்துள்ளது. தோட்டத்துப் பிள்ளையொருவன் நாள்தோறும் அளந்து எழுதும் அந்த எண் ஒரு லயத்தையே காக்கக்கூடும். நகரத்துப் பிள்ளைகளோ, மழை பெய்யும்போது தம் வீதியில் நீர் எங்கிருந்து வந்து எங்கே போகின்றது என்று ஒரு படம் வரைந்து பார்க்கட்டும்.

அன்று மழை விட்டதும் நாமும் அவ்வாறே செய்தோம். கடைத் தாழ்வாரத்திலிருந்து இறங்கி, நீர் வந்த வழியே மேல்நோக்கி நடந்தோம். கானில் அடைத்திருந்த பொலித்தீன் பைகளை அப்பையன் குச்சியால் தள்ளி எடுத்தான். மேடு ஏற ஏற நீர் சிறுத்துக்கொண்டே போயிற்று. ஈற்றில் ஓர் இறப்பர்த் தோட்ட ஓரத்தில் விரல் அளவுத் தாரையாக நின்றது. "இவ்வளவுதானா சேர்?" என்றான். "இவ்வளவில் இருக்கும்போதே இடம் விட்டிருந்தால் இவ்வளவுதான்" என்றோம். கீழே, காய்கறி அம்மையார் தம் கூடைகளை மறுபடி நடைபாதைக்கு இறக்கிக்கொண்டிருந்தார்.