நாற்பது நிமிஷக் கணக்கு



78 வயதாகும் என் அக்காவைத் திருச்செந்தூர் கூட்டிப்போக வேண்டும். குடும்பக் குழுவில் இரண்டு நாளாக இதே பேச்சு. வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சி மகன் ஒரு படம் அனுப்பினான். "மாமா, சேலம் ஏர்போர்ட்டுக்கும் தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கும் 340 கிலோமீட்டர்தான், நாற்பதே நிமிஷம். பெரியம்மாவை எதுக்குக் கார்ல குலுக்கிக்கிட்டுப் போறீங்க?"

அக்கறை நல்லதுதான். கணக்குதான் இடிக்கிறது.

340 என்பது காக்கை பறக்கும் நேர்கோட்டுத் தூரம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் நாற்பது நிமிஷம் வரும். ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு இது சரியான விடை. ஆனால் விமானம் நின்ற இடத்திலேயே 500-ஐப் பிடித்துவிடாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், ஏற வேண்டும், வேகம் குறைத்து இறங்க வேண்டும். சேலம் – சென்னை நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். வகுத்தால் 32 நிமிஷம். டிக்கெட்டில் போட்டிருப்பதோ ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

இதைவிடப் பெரிய சங்கதி, சேலம் – தூத்துக்குடிக்கு நேரடி விமானமே கிடையாது. சென்னை போய் மாற வேண்டும். 265-ம் 525-ம் சேர்ந்து 790 கிலோமீட்டர்!

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சேலம் விமான நிலையம், நம் வேலூர், தூத்துக்குடி விமான நிலையம் மூன்றுமே 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கின்றன. நாம் வடக்கே 80 கிலோமீட்டருக்கு மேல் காமலாபுரம் போய் ஏற வேண்டும். நேரடி விமானமே இருந்தாலும் அது நம் வீட்டு ஓட்டுக்கு மேலேதான் தெற்கே பறக்கும்!

காமலாபுரம் போக இரண்டு மணி நேரம், அங்கே ஒன்றரை, சென்னைக்கு ஒன்று, மாறக் குறைந்தது இரண்டு, தூத்துக்குடிக்கு ஒன்றரை. எட்டு மணி நேரம். காவிரிப் பாலம் தாண்டி கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி சுமார் 300 கிலோமீட்டர். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினாலும் ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். மூட்டு வலிக்காரருக்கு நினைத்த இடத்தில் இறங்கிக் காலை நீட்ட முடிவது பெரிய விஷயம்.

விமானமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1993-இல் திறந்த சேலம் நிலையம் பல வருஷம் சும்மா கிடந்தது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் வந்தது, பிறகு நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் சேவை தொடங்கியது. தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புது முனையமே திறந்துவிட்டார்கள். சாமானியனும் பறக்க வேண்டும் என்பதுதான் உடான் என்ற பெயருக்கே விளக்கம். அப்படியிருக்க, தெற்கே போகிறவன் எதற்குச் சென்னையைச் சுற்ற வேண்டும்? இந்த இரண்டு ஊருக்கும் நடுவே வாரம் இரண்டு நாளாவது ஒரு சின்ன விமானம் விட்டுப் பார்க்கலாம். ஓமலூர், மேட்டூர், தர்மபுரிக்காரர்களுக்கு உண்மையிலேயே உதவும்.

நமக்கு அதைவிட முதலில் வேண்டியது, கரூரிலிருந்து வேலூர், நாமக்கல் வழியாகக் காமலாபுரத்துக்கு விமான நேரத்தை அனுசரித்து ஒரு பஸ். சென்னை, ஹைதராபாத் போகும் நம் பிள்ளைகளுக்கு இன்றைக்கே பயன்படும். போக்குவரத்துத் துறையில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், மனுவை யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். கையெழுத்து வாங்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.