ஆணி எண்ணுதலும் எழுத்தெண்ணுதலும்

தமிழ் கற்றவர் ஒருவரை உயர்த்திச் சொல்ல விரும்பினால், 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்கிறோம். மேனாட்டிலே சிறு புகையிரத மாதிரிகள் செய்வோர் தம்முள் ஒருவரை எள்ள விரும்பினால், 'ஆணி எண்ணுபவர்' என்பர். எண்ணுதல் ஒன்றே, ஓரிடத்திற் புகழாகவும் மற்றோரிடத்தில் வசையாகவும் நிற்கின்றது. இவற்றுள் எது நேர்மையான தீர்ப்பு என்று ஆராயும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டிற்று.

முன்னர் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், கைக்குட்டையிற் பொதிந்த சிறு எஞ்சின் ஒன்றுடன் என் வீட்டிற்கு வந்தார். களனிவெளிப் பாதையில் ஓடிய நீராவி எஞ்சின் ஒன்றின் மாதிரி அது. 1902இல் அவிசாவளை வரை திறக்கப்பட்ட அப்பாதையின் தண்டவாளங்களுக்கிடையே இருந்த அகலம் இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீற்றர். மாணவர் 87இல் ஒரு பங்காகச் செய்திருந்தமையால், 9 மில்லிமீற்றர் அகலமுள்ள பாதையில் அவ்வெஞ்சின் நிற்கும். அதன் நீர்த்தொட்டியின் பக்கத்தில் மணற் பருக்கையினும் சிறிய புடைப்புகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

"என்ன தம்பி, தமிழை விட்டு ஆணி எண்ணத் தொடங்கிவிட்டீரோ?" என்றேன். அவர் சினக்கவில்லை. எண்ணியதன் காரணத்தைச் சொன்னார்.

உருக்கி ஒட்டும் முறை பரவுவதற்கு முன்னர், எஞ்சினின் தகடுகளைத் தறையாணிகளே பிணைத்தன. செந்நெருப்பாய்க் காய்ந்த ஆணியைத் துளையிற் செலுத்தி, மறுமுனையை அடித்துத் தலையாக்குவர். ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும். ஆதலால் ஆணி வரிசை வெற்றலங்காரம் அன்று. தகட்டின் ஓரத்தே வரிசை சென்றால் அங்கே இணைப்பு உண்டு. நடுவே சென்றால் உள்ளே தாங்கும் சட்டமோ தடுப்போ உண்டு. வரிசையை இடம் மாற்றி வைப்பவன், கண்ணுக்குத் தெரியாத உட்கட்டைப் பற்றியும் பொய் சொல்லுகிறான்.

அளவும் அத்தகையதே. 25 மில்லிமீற்றர் அகலமான ஆணித்தலை, இம்மாதிரியிலே 0.3 மில்லிமீற்றருக்கும் குறைந்துவிடும். மெல்லிய பித்தளைத் தகட்டின் பின்புறத்திலே மழுங்கிய ஊசியால் ஒவ்வொன்றாய் அழுத்தி, முன்புறத்திற் புடைப்பெழச் செய்வது ஒரு முறை. செய்து முடித்த உடலிலே, நுண்ணிய பிசின் புள்ளிகள் பதித்த படலத்தை நீரில் ஊறவைத்து ஒட்டுவது மற்றொரு முறை. எதுவாயினும் சற்றுப் பெருத்தால், நீர்த்தொட்டி அம்மை கண்ட முகம்போல் ஆகிவிடும்.

இத்தனை பாடுபட்டபின் வர்ணத்தைத் தடிப்பாய்ப் பூசினால் ஆணிகள் யாவும் புதைந்துபோம். எனவே எண்ணெய்ப் பசை போகக் கழுவி, அடிப்பூச்சிட்டு, மெல்லிய படைகளாகப் பல முறை பூசவேண்டும். பின்னர் நீர்த்த கரும்பூச்சை ஓடவிட்டால் அது ஆணியடியில் தங்கி நிழலாகும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையை மேலே தடவினால் ஆணித்தலைகள் மட்டும் ஒளிபெறும். புகைக்கரியும் துருவும் காட்டுவதிலும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை கடந்தால், ஓடிய எஞ்சின் குப்பையிற் கிடந்த எஞ்சினாகத் தோன்றும். உவமைமேல் உவமையடுக்கிப் பொருளை மறைக்கும் நம் எழுத்தாளர் சிலர் இதனைக் கருதுவாராக.

விடைபெறுமுன் மாணவர் எஞ்சினைத் திருப்பிக் காட்டினார். மறுபக்கத் தொட்டியில் வர்ணம் இருந்தது. ஓர் ஆணியேனும் இல்லை.

"இதுவும் அப்படித்தானே இருந்திருக்கும்?" என்றேன்.

"இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இராது, ஐயா. இந்தப் பக்கத்துப் படம் இன்னும் கிடைக்கவில்லை. தெரியாததை எப்படி வைப்பது?" என்றார்.

என் ஏளனத்திற்கு நான் நாணிய இடம் இதுவே. ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே வடிவாய் நிற்கும். 'எரி' என்பதோ 'ஏரி' என்பதோ, நெருப்போ நீரோ, பதிப்பாசிரியரே ஆய்ந்து துணியவேண்டும். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய நம் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் இத்தகைய ஏடுகளோடு மல்லாடியவர்களே. ஏடு சிதைந்த இடத்திலே சொந்தச் சொல்லைப் புகுத்தாது, புள்ளியிட்டு வெற்றிடம் காட்டுவதே நல்ல பதிப்பு. அந்த வெற்றுத் தொட்டியும் அத்தகைய புள்ளிக்கோடுதான்.

ஆணியை எண்ணி எஞ்சினை மறப்பாரும், ஒரு சிறுவனின் விளையாட்டு வண்டியைப் பார்த்து 'ஆணி தவறு' என்று அவன் மனத்தை முறிப்பாரும் உளரே எனின், உளர். சந்திப் பிழையைச் சுழித்துக் கட்டுரையின் கருத்தைப் படியாது விடும் ஆசிரியரும் உளர். நானும் அப்படித் திருத்தியதுண்டு. அது எண்ணுவாரின் குற்றமேயன்றி எண்ணுதலின் குற்றம் ஆகாது.

களனிவெளியின் ஒடுங்கிய பாதை 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. நானுஓயாவிலிருந்து இராகலைக்கு ஓடிய ஒடுங்கிய பாதையோ 1940களிலேயே மறைந்தது. அவ்வெஞ்சின்களை ஓட்டியோரும் செப்பனிட்டோரும் முதுமையெய்திக் குறைந்து வருகின்றனர். ஆசிரியர்களே, உங்கள் வகுப்பிலே ஒரு மாணவன் பழைய இயந்திரத்தின் முன் நின்று ஆணி எண்ணினால் நகையாதீர்கள். அளவுகோலும் குறிப்பேடும் கொடுங்கள். அவன் ஊரிலே பழைய புகையிரதத் தொழிலாளர் இருந்தால் அவரிடம் அனுப்புங்கள். யாரேனும் ஒருவர் வீட்டுப் பெட்டியில் அந்த மறுபக்கத்துப் படம் இன்னும் கிடக்கலாம்.