உறுதி கேட்கும் இலவசக் கல்வி

"கல்வி இலவசம், கதவு திறந்தே கிடக்கிறது, படியாதவன் தன் சோம்பலாற் படியாதவன்" என்னும் வாதம் கொழும்பின் படித்த வட்டாரங்களில் இன்றும் கூச்சமின்றிப் பேசப்படுகின்றது. 1945 இல் கன்னங்கரா நடைமுறைக்குக் கொணர்ந்த திட்டம் மகத்தானது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் பெருமையை ஓயாது ஓதுவோர், தெமட்டகொடையில் புகையிரதப் பாதையோரத்துத் தோட்டங்களுள் ஒருமுறையேனும் கால் வைத்ததுண்டா? (தோட்டம் என்றதும் பூஞ்செடிகளை எண்ணிவிட வேண்டாம், கொழும்பிலே அது நெருக்கியடித்த சிறுவீடுகளின் வரிசை.)

1998 முதல் 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் பாடசாலைக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பிள்ளையை அனுப்பாத பெற்றோரைக் கேள்வி கேட்கச் சட்டம் உண்டு. பிள்ளையை ஏற்காத பாடசாலையைக் கேட்பவர் யார்?

முதலாந் தர அனுமதிக்கான சுற்றுநிருபங்கள் நீண்டகாலமாகச் சொல்லிவருவது இது: பெயர்பெற்ற பாடசாலைகளில் இடங்களின் சரிபாதி அயலில் வசிப்போருக்கு. கேட்க இனிக்கிறது. ஆனால் வசிப்பது வேறு, வசிப்பதை நிரூபிப்பது வேறு. வாக்காளர் இடாப்பில் ஆண்டாண்டாகப் பதிவு, காணி உறுதி, பதிவுசெய்த குத்தகை எனப் பத்திரங்களுக்கே புள்ளிகள். தலைமுறைகளாகக் கால்வாய்க் கரையில் அரச காணியிற் குடியிருக்கும் கூலித் தொழிலாளியிடம் உறுதி எங்கிருந்து வரும்? நகர அபிவிருத்தியின் பெயரால் தொடர்மாடிக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பத்தின் நிலை இன்னும் விசித்திரமானது: புதிய விலாசத்திலே பழைய ஆண்டுகளின் பதிவு இராது, வீட்டின் உறுதியோ பலருக்கு ஆண்டுக்கணக்கிற் கைக்கு வரவில்லை. மற்றொரு காற்பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. தந்தை நுழைந்த வாசலால் மகன் நுழையலாம் என்றால், அது கல்வியா, முதுசொத்தா?

"வேறு பாடசாலைகள் உண்டே" எனலாம். உண்டு. எவரும் போட்டியிடாத பாடசாலைகள்! அங்கே பெயர் பதியப்பட்டதும் அப்பிள்ளை புள்ளிவிபரத்தில் ஏறிவிடுகிறது. இலங்கையின் ஆரம்பக் கல்விச் சேர்வு ஏறக்குறைய முழுமை என அறிக்கை எழுதப்படுகிறது. உலக அரங்கிலும் இக்கணக்கே ஆட்சி செய்கிறது. 1990 இல் ஜொம்தியனிற் கூடியோர் 2000 ஐ எல்லையாக வைத்தனர், 2000 இல் டாக்காரில் அது 2015 ஆயிற்று, இப்போது 2030. தவணை நகர்ந்ததேயன்றிப் பல நாடுகளில் ஏழைப் பிள்ளை நகரவில்லை.

தெமட்டகொடைப் பிள்ளைக்கு உலக மாநாடு தேவையில்லை. கிராம உத்தியோகத்தர் நேரிற் கண்டு தரும் வதிவிடச் சான்றை உறுதிக்கு நிகராக ஏற்க ஒரு சுற்றுநிருபம் போதும். பழைய மாணவர் ஒதுக்கீட்டை நீக்க இன்னொன்று. இரண்டாவதைத்தான் பழைய மாணவர் சங்கங்கள் உரத்து எதிர்க்கும்.