விழா ஒரு நாள். வயிறு 365 நாள்!

பந்தல் எழுகின்றது. வாழை கட்டப்படுகின்றது. நாதஸ்வரம் முழங்குகின்றது. பிரமுகர் வருகின்றார், நாடாவை வெட்டுகின்றார், ஒடியற்கூழில் ஒரு மிடறு பருகிப் படம்பிடிப்போரைப் பார்த்துப் புன்னகை புரிகின்றார். “எமது பாரம்பரிய உணவே எமது அடையாளம்!” என்று முழங்குகின்றார். மாலையானதும் பந்தல் பிரிக்கப்படுகின்றது. கூழ் காய்ச்சிய பெண் கழுவிய பானையோடு வீடு திரும்புகின்றாள். மறுநாட் காலை அவள் தன் பண்டத்தை விற்பதற்கு ஓர் இடமுண்டா? இல்லை! இதற்குத்தான் பாரம்பரிய உணவு ஊக்குவிப்பு என்று பெயராம்!

நாம் விழாவுக்கு விரோதிகளல்லர். ஆனால், சந்தையில் இடம் கொடாமல் விழாவில் மேடை கொடுப்பது ஊக்குவிப்பன்று, ஏமாற்று. கைப்பட உணவு செய்து விற்கும் எம் பெண்கள் கேட்பது பிச்சையன்று. உழைத்த பொருளை விற்க ஒரு சாண் இடம்! அது அவர்களுடைய உரிமை.

இஃது அற்ப விஷயம் என்று எண்ணுவோர் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கட்டும். 1990களில் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது நான் சிறுவன். சீனி கிடையாத வீட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். ஒடியல் மாப் பிட்டும் கூழும் பல குடும்பங்களின் உயிரைத் தாங்கின. 2022இல் நாடு கடனிறுக்க முடியாது கைவிரித்தபோது என்ன நேர்ந்தது? கோதுமை விளையாத இத்தீவில் பாணின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. கப்பல் வராவிட்டால் காலையுணவு இல்லை என்ற நிலை! இரு தடவையும் எம்மைக் காத்தது எம் மண்ணும் எம் தாய்மாரின் கைகளுமே. அந்தக் கைகளுக்கு நாம் செய்த பிரதியுபகாரம் யாது?

என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கின்றேன். போரிலே கணவனை இழந்த பெண்மணி ஒருவர், இரண்டு பிள்ளைகள். புழுக்கொடியல், பனாட்டு, மோர்மிளகாய், வடகம் செய்து ஒரு நகரச் சந்தையின் வாசலிற் கடகத்தில் வைத்து விற்றார். நடைபாதைக்கு இடைஞ்சல் என்று கூறி அவரை எழுப்பிவிட்டார்கள். உள்ளே கடை கேட்டார். கடைகள் கேள்விப்பத்திரம் மூலம் கூடிய தொகை கேட்பவருக்கே கொடுக்கப்படும் என்று பதில் வந்தது. அந்த அம்மாள் என் மேசையில் ஒரு பொலித்தீன் உறையை வைத்தார். அதனுள்ளே மூன்று சான்றிதழ்கள்! உணவு பதனிடற் பயிற்சி பெற்றதற்கு இரண்டு. கண்காட்சியிற் பங்குபற்றியதற்கு ஒன்று. “ஐயா, இவற்றைக் காட்டினால் இடம் தருவார்களோ?” என்று கேட்டார். சட்டம் படித்த நான் தலைகுனிந்தேன்.

பயிற்சி என்ற பெயரில் நடப்பதையும் பாருங்கள். பழத்தைப் பிசைந்து பிழிந்து, பாயிற் பரவி, நாட்கணக்கில் வெயிலிற் காயவிட்டு, படைமேற் படையாகப் பனாட்டு எடுக்கத் தெரிந்தவளை அழைத்துவந்து அவளுக்கே பனாட்டுப் போடக் கற்பிக்கின்றார்கள்! முட்டியிற் சுண்ணாம்பு பூசி இறக்கிய கருப்பநீரை எந்தப் பதத்திற் குட்டானில் வார்க்கவேண்டும் என்பதை அவள் பாட்டியிடம் கற்றுவிட்டாள். அவளுக்குத் தெரியாதவை வேறு. ஒடியலிற் பூஞ்சணம் பிடியாமல் மாரிகாலத்தில் எவ்வாறு உலர்த்துவது? எத்தகைய உறையில் அடைத்தால் எத்தனை மாதம் கெடாது? விறகுக்கும் கூலிக்கும் பஸ் காசுக்கும் கணக்குப் பார்த்து விலையை எவ்வாறு நிருணயிப்பது? 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான விதிகளுக்கு அமைய உறையில் என்னென்ன எழுதவேண்டும்? இவற்றைக் கற்பியுங்கள். 1978 முதல் பனை அபிவிருத்திச் சபை இருக்கின்றது. கைதடியில் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றது. அங்குள்ள அறிவு அடுப்படிக்கு வந்து சேரட்டும்.

“கையால் செய்த பண்டம் சுத்தமற்றது” என்று சில கனவான்கள் மூக்கைச் சுளிக்கின்றார்கள். சுத்தம் வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடில்லை. அதற்கு வழி, தண்ணீர்க் குழாயும் மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியும் உள்ள கடை கொடுப்பதா, அன்றித் தெருப் புழுதியில் இருத்திவிட்டுச் சுகாதாரம் பேசுவதா?

வடக்கில் ‘அம்மாச்சி’ உணவகங்களைப் பாருங்கள். பெண்களே சமைக்கின்றார்கள், வாங்குவோர் கண்ணெதிரே சுடச்சுடக் கொடுக்கின்றார்கள், இடையிலே தரகன் இல்லை. தென்னிலங்கையில் வழங்கும் ‘ஹெல போஜுன்’ என்ற பெயர் இங்கு வேண்டாம் என்று மறுத்து, ‘அம்மாச்சி’ என்று எம் மொழியில் மாகாண சபைக் காலத்திற் பெயரிட்டோம். நன்று. பெயருக்காகப் போராடினோம், வென்றோம். ஆனால், பெயரோடு நின்றுவிட்டோமே! விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களில் வெற்றி கண்ட முறை ஏன் ஒவ்வொரு சந்தைக்கும் வரவில்லை?

மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. அந்த அநீதியைக் கண்டிப்போம். ஆனால், எல்லாக் குற்றத்தையும் கொழும்பின் தலையிற் கட்டிவிட்டு நாம் தப்பமுடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சந்தைகளை நடத்தும் அதிகாரத்தையும், உபவிதி இயற்றும் அதிகாரத்தையும் சபைகளுக்கு அளித்திருக்கின்றது. 2025 மே 6ஆந் திகதி நாமே வாக்களித்துத் தெரிந்தவர்கள் அச்சபைகளில் அமர்ந்தார்கள். சந்தையில் ஒரு பகுதியைக் கைப்பணி உணவுக்கு ஒதுக்குவதற்குச் சமஷ்டி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? ஒரு தீர்மானம் போதாதா? விவசாயி கொண்டுவரும் வெங்காயத்தில் நூற்றுக்குப் பத்து என்று கழிவு வெட்டும் கொடுமையை எதிர்த்து நீண்ட காலமாகக் குரலெழுப்புகின்றோம். அதே சந்தையின் வாசலில் விவசாயியின் மனைவி இடமின்றி நிற்கின்றாள். இரண்டும் ஒரே அநீதியின் இரு முகங்கள்.

விழா வேண்டுமா? புதிதாய் ஒன்றைக் கட்டியெழுப்ப வேண்டியதில்லை. நல்லூரிலே 25 நாள் திருவிழா. அது பனம்பழம் விழும் காலம். மடுவிலே ஆவணித் திருவிழா. வற்றாப்பளையிலே வைகாசிப் பொங்கல். இலட்சக்கணக்கான சனம் தானாகவே கூடும் இவ்விடங்களிற் பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமானுக்கும் ஐஸ்கிறீமுக்கும் இடமுண்டு. பனங்காய்ப் பணியாரத்துக்கும் எள்ளுருண்டைக்கும் மன்னார்க் கருவாட்டுக்கும் மட்டக்களப்புத் தயிருக்கும் தக்க தக்க இடங்களில் வாடகையின்றி ஒரு வரிசை ஒதுக்கினால் எந்தத் திறைசேரி வற்றிவிடும்?

பெயரையும் காக்கவேண்டும். சீனி கலந்த கட்டி பனங்கட்டி என்ற பெயரில் விற்கப்படுகின்றது. ஓர் ஊரின் பெயரால் அறியப்பட்ட பொருளை வேறெவரும் அப்பெயரால் விற்காமற் தடுக்கும் பாதுகாப்பு, புவியியற் குறியீடு எனப்படும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, அதனைப் பதிவுசெய்ய வழி திறந்தது. அதே ஆண்டில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்பாதுகாப்பைப் பெற்றது. கடலுக்கு அப்பாற் கோவிற்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலேயே பெற்றுவிட்டது. யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக்காக விண்ணப்பம் எழுத எம்மிடையே சட்டத்தரணிகள் இல்லையா? என்னையும் சேர்த்தே கேட்கின்றேன்.

இறுதியாக, படித்த பெருமக்களே, உங்களிடமும் ஒரு கேள்வி. உங்கள் கலியாண வீட்டிலும் அலுவலகக் கூட்டத்திலும் தட்டில் வைக்கப்படுவது யாது? றோல்ஸும் கேக்கும் போத்தற் சோடாவுமல்லவா? ஆடிப்பிறப்பன்று மட்டும் கூழைப் புகழ்ந்து, மற்ற நாட்களில் அதனை ஏழையின் உணவென்று ஒதுக்கும் இரட்டை வாழ்வு எதற்கு?

எமது கோரிக்கைகள் நான்கே. ஒவ்வொரு பொதுச் சந்தையிலும் கைப்பணி உணவுக்குக் கேள்விப்பத்திரமின்றி நியாய வாடகையில் நிரந்தர இடம். பெருந்திருவிழாக்களில் இலவச வரிசை. பதனிடல், உறை, கணக்கு, சட்டம் ஆகியவற்றில் உண்மையான பயிற்சி. எம் பண்டங்களின் பெயருக்குச் சட்டக் காப்பு.

உங்கள் சபை உறுப்பினர் அடுத்த முறை நாடா வெட்ட வரும்போது கத்தரிக்கோலைக் கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: “ஐயா, நாளைக் காலை இந்த அம்மாள் எங்கே இருந்து விற்பார்?” பதில் கிடைக்கும்வரை நாடா வெட்டப்படாதிருக்கட்டும்!